‘விறகு எங்கிருந்து?’ என்று கேட்டவள்

போன மாதம் ஒரு பயிற்சி வகுப்பில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். கிராமத்து வீடுகளில் எரிபொருள் கணக்கெடுக்கப் போகும் இளம்பிள்ளைகள். முன்வரிசையில் இருந்த பெண் எழுந்து வந்து தன் கைபேசியைக் காட்டினாள். “மேடம், இப்பல்லாம் இடத்தோட பேரையே எழுத வேணாம். அங்க போய் நின்னு ஒரு தடவை தொட்டாப் போதும். விறகு எங்க எடுக்குறாங்க, எவ்வளவு தூரம் போறாங்க, எல்லாம் அதுவே பதிஞ்சு மேப்ல போட்டுடும்” என்றாள். நான் பாராட்டுவேன் என்று எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். எழுதி எடுத்துப் போயிருந்த பேச்சை மடித்து வைத்துவிட்டு இந்தக் கதையை ஆரம்பித்தேன். பாதியில் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. பிள்ளைகள் பிரியாணிக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அந்த வயதில் நானும் போயிருப்பேன். முழுவதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிட வேண்டும். ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் ஒரு மீனவக் குப்பம், துறையிலிருந்து படகில் போக வேண்டும், அவ்வளவுதான். எந்தப் பக்கம் என்றுகூடச் சொல்ல மாட்டேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

நான் பழவேற்காட்டுக்காரி. பெயர் மைமூன். வாப்பாவுக்குக் கடைத்தெருவில் கயிறும் வலைநூலும் விற்கும் கடை. முன்னோர் கப்பலில் துணி ஏற்றி அனுப்பியவர்கள் என்று எங்கள் வீட்டில் பெருமை பேசுவார்கள். வாப்பா காலத்தில் மிஞ்சியது அந்தப் பெருமையும் இந்த நூல்கடையும்தான். மெட்ராஸில் விடுதியில் தங்கி மனையியல் படித்தேன். படித்து முடித்தபோது எழுபதுகள் முடியப் போகிற நேரம். எண்ணெய் விலை உலகமெல்லாம் ஏறிப்போய், ஏழை நாடுகள் இனி எதை எரித்துச் சோறு பொங்கப் போகின்றன என்று பெரிய மனிதர்கள் திடீரெனக் கவலைப்பட ஆரம்பித்திருந்தார்கள். மெட்ராஸில் ஓர் ஆராய்ச்சி நிலையம் இதற்கென்றே ஒரு பிரிவு தொடங்கி, சமையலறைக்குள் போகக்கூடிய பெண் ஆய்வாளர்கள் வேண்டும் என்று விளம்பரம் கொடுத்தது. வாப்பா மூன்று நாள் யோசித்தார். “பொழுது சாயறதுக்குள்ள வூடு வந்து சேந்துடணும்” என்ற ஒரே நிபந்தனையோடு அனுப்பினார். எங்கள் தெருவில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் பெண் நான்தான். பயிற்சி ஆறு வாரம். அதில் சொல்லிக் கொடுத்ததில் பாதி, காய்ந்த விறகுக்கும் ஈர விறகுக்கும் உள்ள வித்தியாசம். அது எங்கள் உம்மாவுக்கு ஏற்கெனவே தெரியும்.

எங்கள் பிரிவின் தலைவர் வரதராஜன் சார். ஒல்லியான மனிதர், சோடாபுட்டிக் கண்ணாடி. எந்தக் குடிசையானாலும் செருப்பை வெளியே கழற்றி ஓரமாக ஜோடி சேர்த்து வைத்துவிட்டுத்தான் உள்ளே குனிவார். அடுப்பு முன்னால் குந்தி உட்கார்ந்து, சமைக்கிற பெண்ணிடம் “நான் இங்க உக்காரலாமாம்மா?” என்று உட்கார்ந்த பிறகு கேட்பார். “தப்பு” என்ற வார்த்தை அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. “மறுபடி ஒரு தடவை எடை போட்டுப் பாத்துடுங்களேன்” என்பார். அதற்கு அவர் திட்டியிருக்கலாம் என்று தோன்றும். ஒருமுறை படகிலிருந்து இறங்கும்போது சறுக்கி இடுப்பளவு சேற்றுத் தண்ணீரில் விழுந்தார். கண்ணாடி போய்விட்டது. ஆனால் படிவக் கட்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார். ஒரு தாள்கூட நனையவில்லை. குப்பத்துப் பெண்கள் அதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் சிரித்தார்கள். சிரித்துவிட்டு அவரை நம்பவும் ஆரம்பித்தார்கள்.

வேலை முறை இதுதான். ஒரு வீட்டுக்கு ஏழு நாள். முதல் நாள் காலை, அடுப்பு மூட்டுவதற்கு முன் போய், அந்த வீட்டிலுள்ள விறகு, சவுக்குச் சுள்ளியான மிளாறு, பனைமட்டை, வறட்டி எல்லாவற்றையும் தனித்தனியாகக் கட்டி, கொக்கித் தராசில் மாட்டித் தூக்கி நிறுக்க வேண்டும். நிறுத்ததை ஒரு மூலையில் அடுக்கிச் சுற்றிச் சுண்ணாம்பில் கோடு போட வேண்டும். கோட்டுக்குள் இருப்பதை மட்டும்தான் அன்றைக்கு எரிக்கலாம். மறுநாள் அதே நேரத்துக்குப் போய் மிச்சத்தை நிறுத்துக் கழிக்க வேண்டும். முந்தின நாள் அந்த அடுப்பில் சாப்பிட்டவர் எத்தனை பேர் என்றும் எழுத வேண்டும்: ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு அதைவிடச் சற்றுக் குறைவு, பிள்ளைக்குப் பாதி. எல்லாருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் பானையை வழித்துத் தின்கிறவளுக்குக் கணக்கிலும் குறைச்சல்தான். கணக்கெடுக்கும் வீட்டில் நாம் வாய் நனைக்கக் கூடாது. நமக்காக ஒரு டீ போட்டாலும் அந்த வீட்டுக் கணக்கு கெட்டுவிடும். குப்பத்திலோ, வந்தவள் சாப்பிடாமல் போனால் அவமானம். நோன்பு என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தேன். “இன்னா மைமூனு, வருசம் பூராவுமா உங்களுக்கு நோன்பு?” என்று ஒருத்தி கேட்டே விட்டாள்.

படிவத்தில் ஏழாவது கட்டம், ‘விறகு எங்கிருந்து?’ என்பது. வரதராஜன் சாருக்கு உயிர் அதில்தான். “காடு அழியுதுன்னு எல்லாரும் சொல்றாங்க மைமூன். எந்தக் காடு, எந்த ஊர் அடுப்புக்காக, எவ்வளவுன்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது. நாம அதைத் துல்லியமா சொல்லிட்டா அரசாங்கம் ஏதாவது செஞ்சுதான் ஆகணும்” என்பார். இதை அவர் மனதார நம்பினார். நானும் நம்பினேன்.

ஆனால் அந்தக் கட்டம் நிரம்பவில்லை. எந்த வீட்டில் கேட்டாலும், “அப்பிடியே கரையில பொறுக்குறதுதான்” என்பார்கள். மணலும் உப்புத் தண்ணீருமாகக் கிடக்கும் கரையில் பொறுக்கினால் ஒரு வேளைக் கஞ்சிக்குக்கூடக் காணாது என்று எனக்குத் தெரியும். கேள்வியை வேறு வேறு விதமாகக் கேட்டுப் பார்த்தேன். பதில் மாறவில்லை.

கடைசியில் உண்மையைச் சொன்னது கன்னியம்மாக்கா. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். புருஷனுக்குக் காலில் அடிபட்டு ஏரிக்குப் போக முடியாமல் வீட்டில் கிடந்தார். அக்கா வீட்டு வாசலில் ஆப்பம் சுட்டு விற்று அவரையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் காப்பாற்றிக்கொண்டிருந்தார். வலைக்குப் போகிற ஆண்கள் அத்தனை பேரும் அந்த ஆப்பத்தைத் தின்றுவிட்டுத்தான் படகேறுவார்கள். ஊரிலேயே அதிகம் விறகு எரிகிற அடுப்பு அது. விறகு இருந்தால் ஆப்பம், ஆப்பம் இருந்தால் சோறு. வேறு வழி அந்த வீட்டுக்கு இல்லை.

“வேற யாரு வந்து கேட்டாலும் கரையில பொறுக்குறோம்னுதான் சொல்லுவோம்” என்றார் அக்கா. “நீ நூல்கடை பாய் பொண்ணு. கடன் குடுத்துட்டு எங்க வூட்டு வாசப்படி மெதிக்காத மனுசன் உங்க வாப்பா. உனுக்கு மறைக்கிறதுக்கு இன்னா கீது? வர்ற செவ்வாக்கெழம எங்க தெரு பாடு. கூட வா, காட்டுறேன்.”

பாடு என்றால் வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். ஏரியில் இறால் படும் நல்ல இடங்கள் கொஞ்சம்தான். எந்தக் குடும்பம் என்றைக்கு எந்த இடத்தில் வலை போடுவது என்று ஊர் கூடி முறை வைத்திருப்பார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். ஆண்களுக்குப் பாடு இருப்பது ஊரறிந்த விஷயம். பெண்களுக்கும் ஒன்று இருப்பது பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த எனக்கே அன்றுவரை தெரியாது.

செவ்வாய்க்கிழமை காலை ஒரே படகில் பதினொரு பெண்கள், நான் பன்னிரண்டாவது. கழி ஊன்றித் தள்ளியதும் பெண்கள்தான். ஏரிக்குள் மேடாகக் கிடக்கும் ஒரு திட்டுக்குப் போனோம். ஓரமெல்லாம் உப்புத் தண்ணீரில் வளரும் கண்டல் மரங்கள், உள்ளே போகப் போக நாவல் மரமும் களா, காரை முட்புதர்களும் பின்னிக்கொண்டு, வெயில் தரையில் விழாத அடர்த்தி. காகிதத்தில் அது அரசாங்க நிலம். இறங்கியதும் யாரும் சத்தமாகப் பேசவில்லை. காய்ந்த கொம்புகளைத் துறட்டியால் இழுத்தார்கள், கையால் ஒடித்தார்கள். ஒருத்தி கையிலும் கோடாலி இல்லை, அரிவாள் இல்லை. புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண் ஒருத்தி பச்சைக் கொம்பு ஒன்றை வளைத்தாள். அக்கா அவள் கையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

“கையால ஒடிஞ்சா எடு, ஒடியலயா உட்டுடு. பச்சைய தொட்டன்னு தெரிஞ்சா நம்ம தெருவுக்கே ஒரு பாடு பூடும். ஒன்னால எங்க வூட்டு அடுப்பெல்லாம் அணையணுமா?”

மூன்று தெரு, தெருவுக்கு வாரத்தில் ஒரு நாள். ஒருத்திக்கு ஒரு தலைச்சுமை. மழை மாதங்களில் யாரும் கால் வைக்கக் கூடாது. ஒருத்தி தப்பு செய்தால் அவள் தெருவுக்கே முறை போகும். அதனால் தெருவே அவளைப் பார்த்துக்கொள்ளும். காவலுக்கு ஆள் வேண்டாம், தண்டனைக்குப் பஞ்சாயத்து வேண்டாம்.

“இத்தெல்லாம் யாரு வெச்சதுக்கா?” என்று கேட்டேன்.

“யாரு வந்து வெப்பாங்க? ஆம்பளைங்க மீனுக்கு வெச்சிக்கினாங்க, நாங்க வெறகுக்கு வெச்சிக்கினோம். இல்லாங்காட்டி தெனம் தலமயிர புடிச்சிக்கினு நிக்கணும்.”

“இத நான் எழுதலாமா?”

அக்கா சுமையைக் கட்டிக்கொண்டே, “ஏன் எழுதக் கூடாது? நாம இன்னா திருடவா செய்யறோம்? நல்லா எழுது” என்றார்.

திட்டின் பெயரைச் சொல்லிக் கேட்டதும் மற்ற வீடுகளும் ஒப்புக்கொண்டன. ஏழாவது கட்டம் மளமளவென்று நிரம்பியது. ஆனால் இந்த முறையை எழுதப் படிவத்தில் கட்டம் கிடையாது. மாதக் கடைசியில் படிவங்களைக் கொடுக்க மெட்ராஸ் போனபோது சாரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, முழுவதையும் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

“அருமையான விஷயம் மைமூன். ஆனா பாதி ஊரு முடிஞ்சுபோச்சே. இப்ப ஒரு கட்டம் சேர்த்தா, முன்னாடி எடுத்த வீடுகளோட ஒப்பிட முடியாது. அடுத்த கணக்கெடுப்புல நிச்சயமா சேர்ப்போம். இப்போதைக்குக் ‘குறிப்பு’ன்னு இருக்கில்ல, அதுல எழுதுங்க.”

‘குறிப்பு’ என்பது படிவத்தின் கடைசியில் இரண்டு விரல் அகலத்துக்கு இருக்கும் இடம். பொடிப்பொடியான எழுத்தில், ஒவ்வொரு வீட்டுப் படிவத்திலும், பாடு முறையை எழுதினேன். கை வலிக்க வலிக்க எழுதினேன். அந்தப் படிவங்கள் மெட்ராஸில் கம்ப்யூட்டருக்காக அட்டைகளில் துளையிடப்பட்டன. அட்டைக்குள் எண் மட்டும்தான் போகும். என் குறிப்புகள் கட்டுக்குள்ளேயே நின்றுவிட்டன. அதை அப்போது நான் யோசித்துப் பார்க்கவில்லை.

யோசிக்காததற்குக் காரணம், நான் வேறொரு காரியத்தில் தலைகால் புரியாமல் இருந்தேன். அறிக்கைக்கு வரைபடம் போடும் வேலையைச் சார் எனக்குக் கொடுத்திருந்தார். ஏரியை என்னைப் போலத் தெரிந்தவர்கள் அலுவலகத்தில் யாரும் இல்லை. எந்த ஊருக்கு எங்கிருந்து விறகு வருகிறது என்று அம்புக்குறி போட வேண்டும். எடை கூடக் கூட அம்பு தடிமனாக வேண்டும். அந்தத் திட்டிலிருந்து குப்பத்துக்கு வந்த அம்புதான் படத்திலேயே தடிமன். இந்தியன் இங்க்கில் தொட்டுத் தொட்டு, ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து அதை நிரப்பினேன். படத்தின் கீழே சின்ன எழுத்தில் என் பெயரும் போட்டார்கள். வாப்பா அந்த ஒரு பக்கத்தைக் கடையில் நூல் வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார்.

அறிக்கை மூன்று பரிந்துரைகளைச் செய்தது. குப்பத்தின் முழு அடுப்புச் சுமையையும் தாங்கும் திட்டைப் பாதுகாக்க வேண்டும். வீடுகளுக்குக் குறைவாக விறகு எரியும் புகையில்லா அடுப்பு தர வேண்டும். கரையோரம் சவுக்கு வளர்த்து ஊருக்கு விட வேண்டும். மூன்றும் ஒன்றாக நடக்க வேண்டும் என்றுதான் சார் எழுதியிருந்தார். அடுப்புக்குப் பணம் ஒதுக்க வேண்டும், சவுக்குக்கு நாற்று வேண்டும், தண்ணீர் வேண்டும், ஆள் வேண்டும். திட்டுக்கு ‘உள்ளே நுழையக் கூடாது’ என்று ஒரு பலகை போதும். அதனால் அது முதலில் நடந்தது.

பலகையோடு ஒரு காவலாளும் வந்தார். எந்தத் துறை என்று இங்கே எதற்கு? அவரும் கெட்ட மனிதர் இல்லை. சொன்ன இடத்தில் நின்றார். நிற்க வேண்டிய இடம் எது என்று நான் வரைந்த படத்தில் தெளிவாக இருந்தது.

நான் அடுத்த முறை குப்பத்துக்குப் போனபோது ஆப்ப அடுப்பில் பூனை படுத்திருந்தது. அக்கா பழவேற்காட்டிலிருந்து சவுக்கு மிளாறு காசுக்கு வாங்கிப் பார்த்திருக்கிறார். படகுக் கூலியும் சேர்ந்து ஆப்பத்தின் விலை ஏறியது. ஆண்கள் வீட்டிலேயே பழையதைக் குடித்துவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். ஒரே மாதத்தில் கடை நின்றுபோனது. நான் வாசலில் நின்றேன். அக்காவே, “உள்ள வா, இன்னிக்கி நிறுக்கறதுக்கு ஒண்ணுமில்ல, தைரியமா டீ குடி” என்றார். குடித்தேன். அந்த ஊரில் நான் வாய் நனைத்தது அதுதான் முதல் தடவை.

மறுநாளே பஸ் பிடித்துப் பொன்னேரி போய், அங்கிருந்து ரயிலில் மெட்ராஸ் போனேன். அனுப்பம்பட்டு, மீஞ்சூர் என்று ஒவ்வொரு ஸ்டேஷனாக வண்டி நிற்க நிற்க, சாரிடம் கேட்க வேண்டியதை மனதுக்குள் கேட்டுக்கொண்டே போனேன். நேரில் பார்த்ததும் அழுகைதான் வந்தது. சார் தண்ணீர் கொடுத்தார். அறிக்கையை அலமாரியிலிருந்து எடுத்து, அந்தப் பக்கங்களை என் எதிரிலேயே முதலிலிருந்து படித்தார்.

“எடையெல்லாம் சரியாத்தானே போட்டோம்?” என்றார்.

“சரியாத்தான் போட்டோம் சார்.”

“படம்?”

“படமும் சரி.”

“அப்ப எங்க...” என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். ‘தப்பு’ என்ற வார்த்தை அப்போதும் அவர் வாயில் வரவில்லை. பழைய படிவக் கட்டைக் கொண்டுவரச் சொல்லி, என் குறிப்புகளை ஒவ்வொன்றாகப் படித்தார். பிறகு காவல் போட்ட அரசாங்கத் துறைக்குக் கடிதம் எழுதினார். பதில் வராமல் இன்னொன்று எழுதினார், நேரிலும் போனார். ஊர்க்கட்டுப்பாடு என்பதற்கு ஆதாரமாக எழுத்து ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்களாம். எழுதப் படிக்கத் தெரிந்த பெண் அந்த ஊரில் ஒருத்தியும் இல்லை. எழுதியிருந்தவள் நான் ஒருத்திதான், இரண்டு விரல் அகலத்தில்.

காவல் போட்டதால் திட்டாவது பிழைத்ததா என்று கேட்பீர்கள். அதுவும் இல்லை. அடுப்பு எரிந்துதானே ஆக வேண்டும்? காவலாள் எப்போது வருவார், எப்போது போவார் என்று தெரியாததால் செவ்வாய்க்கிழமை எங்களுக்கு, வெள்ளிக்கிழமை உங்களுக்கு என்று வைத்துக்கொள்ள முடியவில்லை. சந்தர்ப்பம் கிடைத்தவள் புகுந்தாள். கிடைத்த கொஞ்ச நேரத்தில் கையால் ஒடித்துக்கொண்டிருக்க முடியுமா? கோடாலி வந்தது. கோடாலிக்குப் பச்சையும் ஒன்றுதான், காய்ந்ததும் ஒன்றுதான். கன்னியம்மாக்கா தெருத்தெருவாகப் போய்ச் சண்டை போட்டிருக்கிறார். “நீ வெட்டாங்காட்டி அவ வெட்டிக்கினு போறா, போய் வேலயப் பாரு” என்று விரட்டியிருக்கிறார்கள். ஒரு நாள் அவர் வீட்டுக் கூரையில் புதுக்கோடாலி ஒன்று செருகியிருந்ததைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். “இன்னா செய்யச் சொல்ற?” என்றார். நான்கைந்து வருடத்தில் திட்டின் நடுவில் நின்றால் நாலா பக்கமும் தண்ணீர் தெரிந்தது. வேர்க்கட்டைகளையும் தோண்டி எடுத்துவிட்டார்கள்.

புகையில்லா அடுப்புகள் ஒன்றரை வருடம் கழித்து வந்தன. பிளந்த விறகுக்காக அளவெடுத்துச் செய்த வாய் அதற்கு. மிளாறைத் திணித்தால் மூச்சு முட்டி அணைந்தது. ஒரு வீட்டில் அதில் கோழி அடைகாத்தது. சவுக்குக் கன்றுகள் கோடையின் நடுவில் வந்து சேர்ந்தன. அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

எண்பதுகளின் பாதி தாண்டியதும் அதே ஊர்களில் மறு கணக்கெடுப்பு வந்தது. பத்தாண்டுக்குள் ஏழை வீடுகள் விறகிலிருந்து வேறு எரிபொருளுக்கு மாறியிருக்கின்றனவா என்று பார்க்க. வரதராஜன் சார் ஓய்வு பெறும் தறுவாயில் இருந்தார். புதிய படிவத்தை என்னிடம் கொடுத்து ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். ‘விறகு எடுப்பதில் ஊர்க்கட்டுப்பாடு உண்டா? விவரம்.’ அரைப் பக்கம் விட்டிருந்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார்.

குப்பத்தில் முதல் வீட்டில் கேட்டேன். “கிருஷ்ணாயில்தான்” என்றாள் அந்தப் பெண். இரண்டாவது வீட்டிலும் கிருஷ்ணாயில். மூன்றாவது வீட்டில் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டார்கள். ரேஷனில் தரும் மண்ணெண்ணெய் விளக்குக்கே பத்தாது என்பது எனக்குத் தெரியும். பானைகளின் அடியெல்லாம் கரி ஏறியிருந்தது. பம்ப் ஸ்டவ் ஒன்றை நடுவீட்டில் வைத்துக் காட்டினார்கள். அதன் தொட்டியில் ஓர் ஒடுக்கு. அடுத்த வீட்டு ஸ்டவ்விலும் அதே பக்கத்தில் அதே ஒடுக்கு. அதற்கடுத்த வீட்டில் நான் போவதற்குள் ஸ்டவ் வந்து சேராமல், கொல்லைப்பக்கம் பெண்கள் கிசுகிசுப்பது கேட்டது. நான் பேனாவில் மை போடுவது போலக் கொஞ்ச நேரம் தாமதித்தேன். வந்து சேர்ந்தது.

கடைசியாகக் கன்னியம்மாக்கா வீட்டுக்குப் போனேன். அவர் அப்போது மீன் கூடை தூக்கிப் பழவேற்காட்டில் விற்றுக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார். முழங்கை வரைக்கும் முள் கிழித்த கோடுகள், சில இன்னும் காயாதவை.

“எழுதிக்கோ, கிருஷ்ணாயில்” என்றார்.

“வெறகு கொஞ்சங்கூட இல்லியாக்கா?”

“வெறகா? அத்தெல்லாம் எந்தக் காலம்.”

நான் அவர் கைகளைப் பார்த்தேன். அவர் மறைக்கவில்லை. இப்போது எங்கே போகிறார்கள், எந்தப் புதரில் மறுபடியும் பாடு வைத்திருக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லவும் மாட்டார். சொன்னால் நான் எழுத வேண்டியிருக்கும். ‘மண்ணெண்ணெய்’ என்று எழுதினேன். சார் விட்டிருந்த அரைப் பக்கத்தில், எல்லாப் படிவத்திலும், ‘பொருந்தாது’ என்று எழுதினேன். நிறுக்க எதுவும் இல்லாததால் தராசைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. முப்பது வருட வேலையில் நான் தெரிந்தே எழுதிய பொய் இது ஒன்றுதான்.

அட்டவணையைப் பார்த்து சார் எழுந்து நின்றுவிட்டார். “ஒரு ஊரே மாறியிருக்கு மைமூன். என் சர்வீஸ்ல இதைப் பாப்பேன்னு நினைக்கல” என்றார். பிறகு அவர் வழக்கப்படி கேட்டார்: “நேர்ல பாத்தீங்கதானே?”

“ஸ்டவ்வைப் பாத்தேன் சார்.”

மறுபடி ஒரு தடவை பார்த்துவிடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. வாழ்நாள் முழுக்க எதையும் இரண்டு முறை சரிபார்த்த மனிதர், அன்றைக்கு ஒரு முறையோடு நிறுத்திக்கொண்டார். அவர் சந்தோஷமாக ஓய்வு பெற்றார். அந்தச் சந்தோஷத்தைக் கொடுத்ததும் நான்தான். அதை நினைத்தாலும் எனக்கு வெட்கம்தான் வருகிறது.

அடுத்த வருடம் ஒரு திட்டம் வந்தது. ஊர்ப் புறம்போக்கில் விறகுத் தோப்பு வளர்த்து, அதைப் பெண்கள் கையிலேயே ஒப்படைப்பது. தெருவுக்கு ஒரு நாள் என்று அவர்களே முறை வைத்துக்கொண்டு வெட்டலாம். சுற்றறிக்கையை இரண்டு தடவை படித்தேன். வரதராஜன் சார் எழுதிய கடிதங்களில் எதையாவது யாராவது படித்திருப்பார்களோ, தெரியாது. விறகை நம்பியிருக்கும் ஊர்களை வரிசைப்படுத்தியிருந்தார்கள். எங்கள் அட்டவணையை வைத்துத்தான். அந்தக் குப்பம் பட்டியலிலேயே இல்லை. மாறிவிட்ட ஊருக்கு எதற்குத் தோப்பு?

புதிய தலைவரிடம் போய்க் கணக்கு பொய் என்று சொல்லியிருக்கலாம். அப்போது விறகு எங்கிருந்து வருகிறது என்று கேட்பார்கள். அதற்கு நான் பதில் சொல்ல வேண்டும். சொல்லாமல் ஒரு வாரம் அலைந்தேன்.

அந்த வாரம் பழவேற்காட்டுத் துறையில் அக்காவைப் பார்த்தேன். மீன் விற்றுவிட்டு, வெறுங்கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து படகுக்காகக் காத்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து திட்டத்தைப் பற்றிச் சொன்னேன். தெருவுக்கு ஒரு நாள் என்ற இடம் வந்ததும் அவர் முகம் ஒரு கணம் மலர்ந்தது. பட்டியலில் ஊர் இல்லை என்பதையும் சொன்னேன். எனக்குள் இருந்த ஆற்றாமை அவர்மேல் கோபமாகப் பாய்ந்துவிட்டது.

“அன்னிக்கி உண்மையச் சொல்லியிருந்தா இன்னிக்கி உங்க ஊருக்குத்தானேக்கா மொதல்ல வந்திருக்கும்?”

அவர் என்னைத் திட்டவில்லை. ஒரு பிள்ளைக்கு ஞாபகப்படுத்துவது போல மெதுவாகச் சொன்னார்.

“மொதோ தபா உண்மையத்தானே மைமூனு சொன்னோம்.”

படகு வந்துவிட்டது. கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.